அந்த விளம்பரக் குரல் நான் இல்லை

செல்போன் ரிப்பேர்க் கடைக்கு வருகிற பாதிப் பேர் போன் கெட்டுப்போய் வருவதில்லை, போனுக்குப் பேய் பிடித்து வருகிறார்கள். தொடாமலே திறக்கிறது, கேட்காமலே பேசுகிறது, "உங்கள் போனில் வைரஸ்!" என்று அதுவே அலறிவிட்டு அதுவே மருந்தும் விற்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும், இல்லையென்று பொய் சொல்லாதீர்கள். மாமியாருக்குப் போன் போடப் போய், வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விற்கிற ஆளிடம் மாட்டிக்கொண்டு முழித்த கூட்டத்தில் நீங்களும் ஒருவர்தான். வாருங்கள், உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் சேகர் மாமாவின் கடை. பிளஸ் டூ பரிட்சை முடிந்த கையோடு நான் அங்கே போய் உட்கார்ந்தேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜ் பின் வைப்பது எல்லாம் மாமா. விளம்பரப் பேயோட்டுவது நான். எனக்கு இன்னொரு கைத்தொழிலும் உண்டு. யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பேசிவிடுவேன். மாமா குரல், சளி பிடித்த மைக்செட். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு டிரைவர் பாண்டி அண்ணன், இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே பழகினவர். பக்கத்தில் நின்று காது குளிர "நல்லாருக்கியா" என்று கேட்டாலும் அது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஒரு நாள் ஷட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாண்டி அண்ணன் குரலில், "மாப்ளே சேகரு, பிரேக் புடிக்கலடா, ஜீப்பு ஒங்கடையப் பாத்துத்தான் வருது, வெரசா வெலகு!" என்று கத்தினேன். மாமா கல்லாவைத் தாண்டிக் குதித்ததை எதிர்க்கடைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து மாமா எனக்கு வைத்த பெயர் மைனா. யாராவது "அக்கா மகளா?" என்று கேட்டால் மாமா சொல்கிற பதிலும் அன்றிலிருந்து ஒன்றுதான்.

"மைனாவக் கூண்டுல வளக்கலாம்ணே. கடைக்குள்ள வளக்குறது என்னைய மாதிரி கிறுக்கன் மட்டுந்தேன்."

வாசலில் வந்து கேட்டால்

என் முதல் நோயாளி, ஜவுளிக்கடை அண்ணாச்சியின் போன். மேசையில் வைத்தார். அது நடந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை; நோட்டிபிகேஷன் மேல் நோட்டிபிகேஷனாக வந்து, அதிர்ந்து அதிர்ந்து, மேசை விளிம்பைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தது. ரம்மி கூப்பிடுகிறது, ஜோசியம் கூப்பிடுகிறது, யாரோ ஒரு பூஜா "ஹாய்" என்கிறாள். அண்ணாச்சி பூஜாவை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு, "இதெல்லாம் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

இந்த வகைக்குப் போனில் வியாதியே கிடையாது. இணையத்தில் எதையாவது பார்க்கப் போகும்போது, "உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா?" என்று ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கும். நாம் அவசரத்தில் "அனுமதி" என்று அமுக்கிவிடுவோம். அவ்வளவுதான், அதோடு அவர்கள் நம் வீட்டு ஆள். பிரவுசர் செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் சரியாகிவிடும். அண்ணாச்சி, கேட்டவர் ஒருவரைக்கூட விடாமல் அனுமதி கொடுத்து வைத்திருந்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, அவர் கடைப் பட்டுச்சேலை முந்தானை மாதிரி.

"இனிமே எவன் கேட்டாலும் 'வேண்டாம்'கிறத அமுக்குங்க அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. சேலை எடுக்காமல் திரும்புகிறவர்களுக்கும் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்புகிற மனிதர் அவர்.

"வாசல்ல வந்து நின்னு 'உள்ள வரலாமா'ன்னு மரியாதையாக் கேக்குறான். அவன்கிட்ட எப்படிம்மா வராதன்னு சொல்றது?"

துக்க வீட்டில் ஒரு வாழ்த்து

சிலமலை ஈஸ்வரி அக்கா தினமும் பாண்டி அண்ணன் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவர். அவர் கடைக்குள் வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு போய்ப் போய்த் திரும்பி வந்தது. விசயம் இதுதான். அவருடைய பெரியப்பா தவறிப்போனார். வாசலில் பந்தல், நடுவீட்டில் பெரியப்பா, சுற்றிலும் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எல்லாரும் மூச்சு வாங்க நிறுத்திய ஒரு இடைவெளியில், அக்கா இடுப்பில் செருகியிருந்த போனிலிருந்து ஒரு பெண் குரல் தேனாக ஒழுக ஆரம்பித்திருக்கிறது. "வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்! உங்கள் பரிசு காத்திருக்கிறது!" அக்கா பதறி அமுக்க, அமுக்க அமுக்கச் சத்தம் கூடியிருக்கிறது. சம்பந்தி வீட்டு ஆள் ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓட, பாவம் ரொம்பப் பாசக்காரர் என்று நாலு பேர் பின்னாலேயே போய் அவரைத் தேற்றினார்களாம்.

அந்தக் குரல் எனக்கும் பழக்கம்தான். அந்தக் கோடையில் போடி முழுக்க அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். என் போதாத காலம், அதற்கு முந்தின வாரம் டீக்கடை முன்னால் நின்று அதே குரலில், "வாழ்த்துகள்! இன்று உங்கள் டீயில் விழுந்த ஈ, உங்களுக்கே உரியது!" என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். கைதட்டியவர்களில் ஈஸ்வரி அக்காவும் உண்டு.

போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் தலைமேல் ஏறி நிற்பதற்கென்று தனியாக ஒரு அனுமதி இருக்கிறது. அது கையில் இருக்கிறவன்தான் திரை முழுக்கச் சப்பணம் போட்டு உட்காருவான். அக்கா போனில் ஒரு டார்ச் ஆப் இருந்தது. போனிலேயே டார்ச் இருக்கும்போது இவன் எதற்கு என்று தூக்கினேன். ஏறி நிற்கிற அனுமதியை எல்லாவற்றுக்கும் மூடினேன். "முடிஞ்சதுக்கா" என்று நீட்டினேன். அக்கா போனை வாங்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பெரியப்பன் சாவுல வந்து வாழ்த்துச் சொல்லுறியே, ஒந்தொண்டைய எப்படிடி இதுக்குள்ள எறக்குன?"

சேட்டன் சொன்ன வேண்டாம்

ஈஸ்வரி அக்கா சொன்னது ஜீப்பில் ஏறியது, வளைவுக்கு வளைவு வளர்ந்தது, சாயந்திரம் மலையிலிருந்து இறங்கும்போது ஊர் முடிவாகவே ஆகிவிட்டது. ஜீப்பில் இரண்டு கட்சி. நான் குரலைப் பதிவு செய்து, ரிப்பேருக்கு வருகிற போனுக்குள் எல்லாம் ஏற்றிவிடுகிறேன் என்பது ஒரு கட்சி. பதிவெல்லாம் இல்லை, கடையில் உட்கார்ந்துகொண்டு நேராகவே பேசுகிறேன் என்பது இன்னொரு கட்சி. விளம்பரம் வந்தால்தானே எங்களுக்குச் சோலி வரும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மாமா என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை, மைக்செட் கத்தாவிட்டால்தான் பயம். "ரிப்பேர்க் கடைக்கு பேருதாண்டி முதலு. எம்மேல நம்பிக்க இல்லாம எவனும் போனக் கழட்டிக் குடுக்க மாட்டான். நீ பண்ணலைன்னா எங்கருந்து வருதுன்னு கண்டுபிடி. இல்லையா, அடுத்த திங்கக்கெழம ஒன் பெரியம்மாகூட குடோனுக்குப் போயிரு, லீவு முடியுற வரைக்கும் கடப் பக்கம் வராத." ஏலக்காய் குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை ரகம் பிரிப்பார்கள். எங்கள் பெரியம்மாதான் அங்கே மேற்பார்வை. வாய் ஆடினால் கண் தப்பும், கண் தப்பினால் ரகம் கலக்கும் என்பது பெரியம்மாவின் சட்டம். காலையில் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை ஒரு வார்த்தை கூடாது. என் குரலும் கூடாது, அடுத்தவர் குரலும் கூடாது. அதற்குப் பேசாமல் என்னையும் காயோடு சேர்த்து மூட்டை கட்டிவிடலாம்.

அந்த நேரம் பார்த்து ஜோஸ் சேட்டன் வந்தார். பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமை இறங்கி சாமான் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை பாண்டி அண்ணன் ஜீப்பில் திரும்புகிறவர். அவர் போனிலும் அதே அதிர்ஷ்டசாலி. "இதுல மூலையில ஒரு பெருக்கல் குறி உண்டல்லோ? ஞான் அதத்தான் அமுக்குறேன்" என்றார். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். பாதி விளம்பரத்தில் அந்தக் குறி வெறும் படம். அதை அமுக்கினால் வெளியே வர மாட்டீர்கள், இன்னும் உள்ளே போவீர்கள். விளம்பரத்தின் மேல் எதையும் தொடாமல், கீழே ஓடுகிற ஆப்களைக் காட்டுகிற பொத்தானை அமுக்கினால், எந்த ஆப் இந்த வேலையைச் செய்கிறது என்று பெயரோடு மாட்டும். சேட்டன் போனில் அதையும் செய்தேன். பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கெட்டிக்காரத் திருடன். அனுமதிகளை மூடி, போனைக் கொடுத்தேன். சேட்டனுக்கு என் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. அவர் வருத்தமே வேறு.

"மோளே, ஞான் வேண்டான்னு அமுக்கும்போதெல்லாம் அது எனிக்கு 'நன்றி'ன்னு பறயுது. இத்தர மரியாதை எங்க மொதலாளிகூட தந்ததில்லா."

மணமகள் தயார்

ராசிங்காபுரத்திலிருந்து ஒரு புது மாப்பிள்ளை வந்தார். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற லோடு வண்டி ஓட்டுகிறவர். கூடவே புதுப்பெண், மஞ்சள் கயிறு வெளுக்காத கழுத்தோடு. மாப்பிள்ளை போனைத் திறந்தால், "உங்களுக்கேற்ற மணமகள் உங்கள் அருகிலேயே!" என்று படம் படமாக வருகிறது. அருகிலேயே இருக்கிற மணமகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

"எப்படியாவது நிறுத்திரு தங்கச்சி" என்று கெஞ்சினார். பார்த்தால், அவரே ஏற்கெனவே மருத்துவம் பார்த்திருக்கிறார். 'விளம்பரத்தை நிறுத்தும் ஆப்' என்று ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அதை அமுக்கி அந்த ஆப்பைப் போட்டிருக்கிறார். அது அடுத்தவர் விளம்பரத்தை எல்லாம் நிறுத்தவில்லை. தன் பங்குக்கு மணமகள்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதைத் தூக்கினதும் மணமகள்கள் போய்விட்டார்கள். அதிர்ஷ்டசாலிக்காரி மட்டும் போகவில்லை. புதுப்பெண் போனை வாங்கி, பெரிதாக்கிச் சேமித்து வைத்திருந்த ஒரு மணமகள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தது.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப தட்டுல இருந்த மிச்சரத்தேன் பாத்தீக. இத மட்டும் பெருசு பண்ணிப் பாத்திருக்கீக."

யானைக்கு ஸ்கிப் கிடையாது

தேவாரத்துக்கு மேலே மலையடியில் வேலுச்சாமி ஐயாவுக்கு வாழை. ஈஸ்வரி அக்காவின் சித்தப்பா இவர்; செத்துப்போன பெரியப்பாவின் தம்பி. அந்தப் பக்கத்து விவசாயிகள் போனில் ஒரு குரூப்பு வைத்திருக்கிறார்கள். யார் கண்ணில் யானை பட்டாலும், "ஓடைக்கு மேக்க நிக்கிது, எறங்குது, எறங்குது" என்று குரலில் பேசி அனுப்புவார்கள். கேட்ட மாத்திரத்தில் மற்றவர்கள் தகரமும் வெடியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒரு செய்தி வந்து ஐயா போனை எடுத்திருக்கிறார். திரை முழுக்க விளம்பரம். ஐந்து விநாடியில் தாண்டலாம் என்கிறது. தாண்டினால் அடுத்தது. அதையும் தாண்டிச் செய்தியைக் கேட்கும்போது, அந்தச் செய்தியில் சொன்ன யானை அவர் தோட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. வாழை வரிசையாகப் படுத்துவிட்டது.

"வாழ போனாப் போகுது, பக்கக்கன்னு வந்துரும். அடுத்த வாரம் காவலுக்குப் படுக்கப் போறது எம்மகன்" என்றார். ஊர் என்னைப் பற்றிப் பேசுவது அவருக்கும் தெரியும். தெரிந்தும் திட்டவில்லை. மகன் போனைக் குரூப்பில் சேர்த்தாயிற்று, நீ ஆற அமரப் பார் என்று போனை என் கையிலேயே விட்டுப் போனார். அன்று முழுக்க நான் யார் குரலிலும் பேசவில்லை. மாமா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்டார்.

ஐயா படியிறங்கும்போது, எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பாடத்தை அவரிடமும் சொல்லித் தொலைத்துவிட்டேன். "வெளம்பரம் வந்தா பதறாம, எதையும் அமுக்காம, கொஞ்சம் பொறுங்கய்யா." அவர் நின்று, திரும்பி, சிரித்தார்.

"நான் பொறுப்பேன் பாப்பா. யான பொறுக்கணும்ல?"

அது ஆப்பா?

இரண்டே நாளில் ஈஸ்வரி அக்கா போன் திரும்பி வந்தது. சனிக்கிழமை சேட்டன் போனும் வந்தது. மறுபடியும் வர வெட்கப்பட்டு, மாப்பிள்ளை போனை மட்டும் தம்பி கையில் கொடுத்துவிட்டிருந்தார். எல்லாவற்றிலும் நான் இழுத்து மூடிய அனுமதி, அகலத் திறந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது. போன்களை ஐயா போனோடு சேர்த்து வரிசையாக மேசையில் பரப்பினேன். "புதுசா ஏதாச்சும் ஆப்பு போட்டீங்களா?" "ஒண்ணும் போடலையே!" ஈஸ்வரி அக்கா தலையில் அடித்துச் சத்தியமே செய்தார்.

எல்லாப் போனிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தேன். பச்சையாக ஒரு ஏலக்காய்ப் படம். 'இன்றைய ஏலக்காய் விலை'. எல்லாவற்றிலும்.

"இது என்னக்கா?"

"அது வெலடி."

"இதும் ஆப்புதானக்கா?"

"அது எப்படி ஆப்பாகும்? வெல பாக்குறதுல்ல!"

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போடியில் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஏலக்காய் விலை கேட்பார்கள். தோட்டம் வைத்திருக்கிறவர் கேட்பார், காயெடுக்கப் போகிறவர் கேட்பார், பாயசத்துக்கு நாலு காய் வாங்குகிறவரும் கேட்பார். வேலுச்சாமி ஐயாவுக்கு ஒரு ஏலச்செடி கிடையாது, அவர் போனிலும் இருந்தது. சுவரில் கடிகாரம் இருக்கிற மாதிரி போனில் அது இருக்கிறது. அதை யாரும் ஆப் என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை. நானும் ஊர்க்காரிதானே, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து, அட விலைதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன். திறந்து பார்த்தேன். 'விலை காண, மற்ற ஆப்களின் மேல் தோன்ற அனுமதி தேவை' என்றது. கொடுத்தால்தான் விலை. நான் கடையில் மூடுவேன். அவர்கள் மறுநாள் காலை விலைக்காகத் திறந்துவிடுவார்கள்.

யார் கொடுத்தது என்று பிடித்துக்கொண்டே போனேன். ஐயாவுக்குத் துக்க வீட்டில் வைத்து ஈஸ்வரி அக்கா அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு ஜீப்பு ஸ்டாண்டில் யாரோ. அக்காவுக்கும் சேட்டனுக்கும் ஜீப்புக்குள். மலை வளைவுகளில் சிக்னல் செத்துப்போகும். அப்போது ஆளுக்கு ஆள் போனுக்குப் போன் நேராக அனுப்பிக்கொள்வார்கள், வெற்றிலை கைமாறுகிற மாதிரி. முதல் வெற்றிலை கொடுத்தது டிரைவர் பாண்டி அண்ணன். "அப்ப இத எடுத்துறவாக்கா?" என்று விரலை வைத்தேன். அக்கா போனைப் பிடுங்கி மாரோடு அணைத்துக்கொண்டார்.

"வெளம்பரம் வந்தா வந்துட்டுப் போகுது. வேற எதுலடி இம்புட்டு நல்ல வெல காட்டுறான்?"

ஜீப்பு ஸ்டாண்டில் கச்சேரி

ஐயா மட்டும், அவர் மகன் போனுக்கு நான் கூப்பிட்டுக் கேட்டதும், "எடுத்துருத்தா, எனக்கு எதுக்கு அது" என்றுவிட்டார். மாமாதான் அசையவில்லை. "வெல காட்டுற ஆப்பு ஒங்கொரல்ல எதுக்குடி பேசுது?" வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் மாமாவை இழுத்துக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே பெரியம்மா தயாராக நிற்கிறார், எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிய தூக்குவாளியோடு. பாண்டி அண்ணன் ஜீப்பில் உள்ளே ஆள் நிறைந்து, பின்கம்பியில் தொற்றிக்கொள்ளவும் ஆள் நின்றது. நான் முன்னால் போய் நின்று, "எல்லாரும் ஒருக்கா இன்னைக்கு வெல என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். போடியில் மனுசர்களை இதைவிடச் சுலபமாக ஒரு காரியம் செய்ய வைக்க முடியாது.

"ஏறியிருக்கு!" என்று ஈஸ்வரி அக்கா ஒரு விலை சொன்னார். பக்கத்து சீட்டு அதைவிடக் கூடுதலாக ஒன்று சொன்னது. சேட்டன் அதற்கும் மேலே போனார். ஒரே ஆப், ஒரே ஜீப்பு, ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு விலை! காட்டுகிற விலையே புளுகு என்று இப்போதாவது புரியும் என மாமாவைப் பெருமையாகப் பார்த்தேன். ஜீப்புக்கும் புரிந்தது, வேறு மாதிரி. "ஒம் போனு பழசுடி, அதேன் கொறச்சுக் காட்டுது." "சேட்டனோடது கேரளா சிம்மு, அவுகளுக்குத் தனி வெல." கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, எது பெரியதோ அதுதான் இன்றைய விலை என்று ஏகமனதாக முடித்தார்கள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டாண்டில் பணியாரம் சுடுகிற அம்மா, "பேசிப் பேசியே செத்துருவ போலருக்கே, இந்தா தின்னு" என்று சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு பணியாரத்தை என் வாய்க்குள் திணித்துவிட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் வழிய இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஆரம்பித்தது. "வாழ்த்துகள்!" என்றது ஈஸ்வரி அக்கா போன். "வாழ்த்துகள்!" என்றது பின்சீட்டு. சேட்டன் போன் "இன்றைய அதிர்ஷ்டசாலி" என்று எடுத்துக்கொடுக்க, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பாண்டி அண்ணன் போன் "நீங்கள்தான்!" என்று முடித்தது. ஜீப்பு முழுக்க ஒரே பெண் முன்னும் பின்னும் ஓடி ஓடி வாழ்த்தினாள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் உப்பிய கன்னத்தோடு "ம்ம்ம்" என்றேன். நேராகப் பேசுகிறேன் என்ற கட்சி அங்கேயே கலைந்தது. மாமா என் வாயைப் பார்த்தார், பாண்டி அண்ணனின் போனைப் பார்த்தார். "ஏண்டா பாண்டி, இந்தப் போனு எங்கடைக்கு வந்ததே இல்லையேடா!" அதோடு பதிவு செய்து ஏற்றுகிறேன் என்ற கட்சியும் கலைந்தது. மாமா திரும்பி, "நீ கெளம்புக்கா, இவ வரல" என்று பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா எனக்குக் கட்டிய சோற்றை மட்டும் என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஈஸ்வரி அக்காதான் முதலில் இறங்கி வந்தார். "எங்க சித்தப்பனுக்கு நாந்தேன் இந்தச் சனியன அனுப்புனேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனை நீட்டினார். அவருக்குப் பின்னால் சேட்டன், சேட்டனுக்குப் பின்னால் ஜீப்பே இறங்கி வரிசையில் நின்றது. ஜீப்பு அன்று தாமதமாகத்தான் மலையேறியது. எல்லாரும் போன பிறகு பாண்டி அண்ணன் தன் போனைத் துண்டால் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்து, என் காதுப் பக்கம் குனிந்து ரகசியம் பேசினார். ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

"ஆத்தா, நீ இல்லைன்னு ஒத்துக்கிறேன். அந்த வெளம்பரத்த எடுத்துரு, கூடுதல் வெலய மட்டும் அப்படியே விட்டுரு, முடியுமா?"

ஊரில் உள்ள அத்தனை குரலும் கைவசம் வைத்திருக்கிற என் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது, ஒரு குரலும் எழும்பாமல் நான் முழித்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடம்தான் என்பதை மட்டும் தயவுசெய்து எங்கள் பெரியம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.